பதினொரு கிலோவுக்குச் சாட்சி இல்லை

பெங்களூரில் காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி வரும். ஈரக்குப்பை தனியாக, உலர்குப்பை தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அல்சூரில் நான் குடியிருக்கும் மாடிவீட்டின் ஈரக்குப்பை மட்டும் வண்டியில் ஏறுமுன் இன்னொரு சோதனையைத் தாண்டியாக வேண்டும். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா சாவித்திரம்மா, கோலம் போடும் சாக்கில் கேட்டருகே நிற்பார். நான் வாளியை வைத்துவிட்டுத் திரும்பியதும் விளக்குமாற்றுக் குச்சியால் மேலே கிடப்பதை விலக்கிப் பார்ப்பார். அவர் தேடுவது எலும்பு. ஏழு மாதமாக அகப்படுவதெல்லாம் வெள்ளரித் தோலும் சுரைக்காய்த் தோலும் வாழைப்பூ மடலும்தான். அதிலும் அவருக்கு நிம்மதி இல்லை. "இஷ்டு வெள்ளரிக்கா யாரு சார் சாப்பிடுவாங்க?" என்று ஒருநாள் கன்னடம் கலந்த தமிழில் கேட்டே விட்டார். இஷ்டு என்றால் இவ்வளவு. அடியில் எதையோ ஒளித்துவைத்து மேலே தோலைப் பரப்புகிறேன் என்று நினைக்கிறார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இந்த ஊரில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும், சம்பளம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "வெஜ்ஜா?" இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் கேள்விக்கு நான் கூசாமல் ஆமாம் என்றேன். குடியாத்தத்தில் எங்கள் குடும்பத் தொழிலே கறிக்கடை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பழனி நடத்துகிறார். வீட்டில் மனைவி சுதாவைக் கறி சமைக்க விடாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ பக்கத்து மெஸ்ஸில் பிரியாணி தின்றுவிட்டு, பாக்கு மென்றுகொண்டே படியேறுவேன். பிழைக்க வந்த ஊரில் ஆளுக்கொரு பொய் இருக்கும், என்னுடையது இது. பெரிய பாவம் என்று தோன்றவில்லை.

போன வருடம் ஆபீஸில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை செய்தார்கள். என் எடை எண்பத்து நான்கு. ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்படியே விட்டால் ஈரல் கெட்டுவிடும், பத்துக் கிலோவாவது இறக்குங்கள் என்றார் டாக்டர். டயட்டீஷியன் பெண் ஆறு மாதத்துக்குக் கறியும் பொரித்ததும் வேண்டாம் என்றாள். பயந்துபோய் அன்றோடு விட்டேன். வீட்டுக்காரம்மாவிடம் சொன்ன பொய் இப்படி ஒரே நாளில் உண்மையாகிவிட்டது.

ஆனால் சைவம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது புரட்டாசிச் சனிக்கிழமைதான். வடை, பாயசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், மூன்று முறை சோறு. தினமும் புரட்டாசி கொண்டாடியதில் ஒரு மாதத்தில் இரண்டு கிலோ ஏறிவிட்டது. டயட்டீஷியன் மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உண்மையச் சொல்லுங்க சார், வெளிய பிரியாணி சாப்பிடறீங்களா?" சத்தியம் செய்தும் நம்பவில்லை. கடைசியில் பாயசக் கதை வெளியே வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அதன்பிறகுதான் சோறு ஒரு கரண்டியாகச் சுருங்கியது. ராகிக் களி, முளைகட்டிய பயறு, கோசம்பரி என்று இங்கே செய்யும் பச்சைப்பருப்பு வெள்ளரிக் கலவை, எல்லாம் தட்டுக்கு வந்தன.

காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடை, வந்ததும் மாடியில் ஸ்கிப்பிங். மூன்றாம் நாளே சாவித்திரம்மா மூச்சு வாங்க மேலே வந்தார். "ஏன் சார், தினா காலையில டொக்கு டொக்குனு சத்தா? மேல ஏனு வெட்டறீங்க?" கயிற்றைத் தூக்கிக் காட்டினேன். கயிற்றைப் பார்த்தவர், என் தோளுக்கு மேலாகச் சமையலறையையும் எட்டிப் பார்த்தார். எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் எரிச்சல். கறி வெட்டும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அது இப்படியா இருக்கும் என்று அவரிடம் கேட்கவா முடியும்?

இங்கே நம்பாதது போகட்டும் என்று பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். காணும் பொங்கலன்று அண்ணன் தன் கையால் பார்த்து எடுத்த கறி. எல்லோருக்கும் குழம்பு, எனக்கு ஒரு கரண்டிச் சோறும் ரசமும் வெள்ளரித் துண்டும். அண்ணன் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா செந்திலு, நம்ம கறி நாத்தமா பூட்ச்சா உனக்கு?"

ஈரல், கொழுப்பு, டாக்டர் என்று விளக்கினேன். போனில் ரிப்போர்ட்டைக் காட்டினேன். தள்ளிவிட்டார். சந்தையில் ஆட்டின் இடுப்புக்கு மேலே விரலை வைத்து அமுக்கியே கறி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறவர் அவர். அதே மாதிரி என் இடுப்பைப் பிடித்து அமுக்கினார்.

"பத்து பதினோரு கிலோ எறங்கிகீது. சீக்குல எளச்ச ஒடம்பு இல்ல இது. அங்க இன்னாவோ மறைக்கிற நீ."

மெஷின் சொன்னதும் பதினொன்றுதான். எடையைச் சரியாகச் சொன்னவர் காரணத்தை மட்டும் நம்பவில்லை. என் எடை எனக்கு அப்புறம் பெரிதாகத் தெரியவில்லை. நான் கறியை விட்டது உடம்புக்காக, அவரையும் அவர் தொழிலையும் கேவலமாக நினைத்து அல்ல என்று அவர் ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும் என்றிருந்தது. அவர் ஒப்புக்கொள்ளாமலே பஸ் ஏற்றிவிட்டார்.

திரும்பி வந்தபின் என்னையே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. கேண்டீனில் யாராவது "நீங்க வெஜ்ஜா?" என்று கேட்டால் ஆமாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஈரலைப் பற்றி வாயே திறப்பதில்லை. அந்த "ஆமாம்" வந்ததும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதை வருகிறது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அண்ணன் என் இடுப்பில் கைவைத்து இதைத்தான் கண்டுபிடித்தாரா என்று யோசித்தேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அண்ணனே வந்து நின்றார். ஞாயிறு வியாபாரத்தை விட்டுவிட்டு அவர் எங்கும் போய் நான் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பஸ்ஸில் ஏறுமுன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்ததாக அவராகவே சொன்னார். "பயப்படாத, கையில ஒண்ணும் எட்த்தாரல" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நான் சிரிக்க முயன்றேன். அதற்குள் சாவித்திரம்மா கேட்டருகே வந்துவிட்டார்.

"உங்க அண்ணாவா சார்? ஊர்ல என்ன பண்றாங்க?"

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன், "துணி வியாபாரம்மா." குடியாத்தத்தில் தறிக்கும் கைலிக்கும் குறைச்சல் இல்லை, பொய் தடங்கலில்லாமல் வந்தது. சாவித்திரம்மா என்னை விட்டுவிட்டு அவரிடம் திரும்பினார். "துணிக் கடையா உங்களுக்கு?"

அண்ணன் என்னை ஒரு நொடி பார்த்தார். "ஆமாம்மா, துணிதான்" என்றார்.

மேலே வந்து உட்கார்ந்தார். சுதா கொண்டுவந்த ராகிக் களியை முழுதாகச் சாப்பிட்டார், நல்லா இருக்கும்மா என்றார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "ஒடம்ப பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். அவர் தேடி வந்த பதில் அவருக்குக் கிடைத்துவிட்டது. என் வாயாலேயே கொடுத்திருந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட ஒரு பருத்திச் சேலை. போன் செய்தேன்.

"அந்தம்மாவுக்குக் குடுறா. நம்ம கடைச் சரக்குன்னு சொல்லு. துணிக்கடைக்காரன் வெறுங்கையா வந்துட்டுப் போனா சந்தேகப்படுவாங்க இல்ல?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாவித்திரம்மா இந்த இரண்டு வருடத்தில் முதல் முறையாக என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். ஆடியில் அந்தப் பக்கம் கோவிலுக்குப் போகிறார்களாம், அப்படியே அண்ணன் கடைக்குப் போய் இன்னும் நாலு சேலை எடுக்க வேண்டுமாம்.

"கடைக்குப் பேரு என்ன, செந்தில் சார்?"

நான் காலேஜில் சேர்ந்த வருடம் அண்ணன் கடைக்குப் புதுப் பலகை எழுதி மாட்டினார். ஓர் ஆட்டுத் தலை, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் கொட்டையாக என் பெயர். வெயிலிலும் மழையிலும் வெளுக்க வெளுக்க, வருடா வருடம் அதன்மேல் அவரே சாயம் அடிக்கிறார். சாவித்திரம்மா பதிலுக்காகக் காத்துக்கொண்டு என்னையே பார்த்தார். என் பெயர் எனக்கு வாயில் வரவில்லை.