டொக்டர் நம்பாத ‘ஓம்’

காலையில் ஒருவருக்குக் காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். அம்புலன்ஸ் சாரதி வாசலில் வந்து நின்று, “மிஸ்ஸி, எங்கட மூக்கு டொக்டர் போயிட்டாவாம்” என்றார். “எங்க, மாற்றலோ?” என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார். கையிலிருந்த பஞ்சை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியாது.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் டொக்டர் செல்வராணியை வவுனியா ஆஸ்பத்திரியில் நேரே கண்டிருப்பீர்கள். முல்லைத்தீவுக் கரையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் எனக்கு அவர் கைபேசித் திரையில் தெரிந்த முகம். மலையகத்திலிருந்து வந்து செட்டிகுளத்தில் குடியேறிய குடும்பம். என்னைவிட இளையவர், அதனால் எனக்கு அக்கா என்ற பட்டம். அடிபட்ட மூக்கோடு யார் வந்தாலும் வீடியோவில் அவருக்குக் காட்டுவோம். எடுத்த எடுப்பில் நோயாளியிடம், “வாயை மூடுங்க” என்பார். மூக்கால் மூச்சு வருகிறதா என்று பார்க்கத்தான். வருத்தம் சொல்ல வந்த ஆளை வாயை மூடச் சொல்கிறாவே என்று சிலர் கோபித்ததும் உண்டு.

மரியதாஸ் அண்ணர் வந்த நாளை மறக்க முடியாது. வள்ளம் தள்ளும்போது அலையடித்து, வள்ளத்து முனை மூக்கில் மோதிவிட்டது. மறுநாள்தான் வந்தார். இரத்தம் நின்றிருந்தது, மூக்கும் நேராகத்தான் இருந்தது. அவருக்குக் கடலுக்குப் போகும் அவசரம்.

“மூக்கால மூச்சு வருதா அண்ணே?” என்று திரையிலிருந்து டொக்டர் கேட்டார்.

“ஓம் டொக்டர்.”

“ரெண்டு பக்கமும்?”

“ஓம்.”

டொக்டர் விடவில்லை. “அக்கா, உங்க ஊரு ஓம் எங்க ‘ஆமா’ இல்ல. ‘நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்’ங்கிறதுதான் அது. வாயை மூடச் சொல்லிட்டு, மூக்குக்குள்ள டோர்ச் அடிங்க.”

அத்தோடு திரை அசையாமல் நின்றுவிட்டது. கைபேசியோடு முற்றத்துக்கு ஓடினேன். வாயை மூடிக்கொண்டு பின்னால் வந்த மரியதாஸ் அண்ணரின் முகம் சிவந்து, வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது. மூக்கால் மூச்சே வரவில்லை. மதிலடியில் சிக்னல் கிடைத்தது. மூக்கு நுனியைத் தூக்கி வெளிச்சம் அடித்தேன். இரு துவாரங்களுக்கும் நடுவே உள்ள தட்டின் இரு பக்கமும் நாவற்பழம்போல ஊதியிருந்தது. பஞ்சுக் குச்சியால் தொட்டதும் அமுங்கியது.

“இரத்தம் கட்டியிருக்கு. இன்னைக்கே கீறி எடுக்கணும். பழுத்துச்சுன்னா மூக்குத் தண்டு உள்ள விழுந்திடும். வவுனியாவுக்கு அனுப்புங்க, நான் காத்திருக்கேன்” என்றார் டொக்டர்.

அம்புலன்ஸோ ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அது வரும்வரை நான் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். “மூக்குப் போனா மனிசி என்னைச் சேர்ப்பாளோ, மிஸ்ஸி?” என்று அண்ணர் பகிடி விட்டார்.

அந்த மூக்கு இன்றும் நேராக நிற்கிறது. டொக்டரின் செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவரும் அவர்தான்.

கடைசியாகக் கதைத்தபோது திரையில் டொக்டர் நன்றாக மெலிந்திருந்தார். “சுகமாய்த்தானே இருக்கிறியள்?” என்று கேட்டேன். எப்போதும் “ஆமாங்க அக்கா” என்பவர், அன்று சிரித்துக்கொண்டு “ஓம்” என்றார். எங்கள் பேச்சு இவருக்கும் தொற்றிவிட்டதே என்று நானும் சிரித்தேன்.

இப்போது யார் என்னிடம் ஓம் என்றாலும், இன்னொரு தரம் கேட்டு, கண்ணால் பார்த்த பிறகுதான் விடுகிறேன். அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான். கடைசியாக அவர் சிரித்துக்கொண்டு சொன்னது ‘ஆமா’ அல்ல, எங்கள் ஊர் ஓம் என்பது, சாரதி தொப்பியைக் கழற்றியபோதுதான் எனக்கு விளங்கியது.