கேமராவுக்கு முன்னால் ஒரு நாற்காலி

போன வெள்ளிக்கிழமை மதியம் ரியாத்திலிருந்து வீடியோ கால். என் கணவர் அங்கே ஒரு கடையில் சேல்ஸ்மேன். வாரத்தில் அன்றுதான் ஆற அமரப் பேசுவார்.

பேசுவார் என்றா சொன்னேன்? இன்ஸ்பெக்‌ஷன் செய்வார் என்று திருத்திக்கொள்கிறேன்.

எங்கள் பத்து வயது மகள் ஹஸீனாவுக்கு ஏ.டி.ஹெச்.டி. — கவனமும் உடம்பும் ஓரிடத்தில் நிற்காது. பள்ளியில் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியே வைத்தார்கள். அதனால் இந்த வருடம் முத்துப்பேட்டை வீட்டிலேயே நான் பாடம் நடத்துகிறேன். அவருக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை. எனவே போன் அடித்ததும் ஒரு சினிமா செட் போடுவேன் — மேஜை, நாற்காலி, திறந்த புத்தகம், எண்ணெய் வைத்துச் சீவிய தலை. பாவம், அந்த நாற்காலியில் அவள் படாத பாடு படுவாள்.

உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் படிக்கிற பிள்ளை என்று யார் முடிவு செய்தது?

அன்று இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஃபேனைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள்... எழுந்தே போய்விட்டாள்.

"பாத்தியா? ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குறா. ஜூன்ல ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துடுவோம். நான் பேசிட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயமும்தான். மறுபடி எங்கேயோ போய் வகுப்புக்கு வெளியே நிற்கவா என் பிள்ளை?

"செத்த இருங்க" என்று போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தேன். புயலில் சாய்ந்த தென்னை ஒன்று அங்கே கிடக்கிறது. எங்கள் உண்மையான வகுப்பறை அதுதான். ஹஸீனா அதன்மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"இப்பக் கணக்குக் கேளுங்க" என்றேன்.

"ஒரு பெட்டியில இருபத்திநாலு பாட்டில். பதினேழு பெட்டிக்கு எத்தன?"

"முந்நூத்தி எண்பது... இல்ல அத்தா, இருங்க..." ஒரு நடை போய்த் திரும்பினாள். "இருபது பெட்டின்னா நானூத்தி எண்பது. மூணு பெட்டிய எடுத்துட்டா... நானூத்தி எட்டு!"

சரியான விடை. தப்பாகவே சொல்லியிருந்தாலும் ஹாஸ்டலுக்கு அனுப்பியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். அதையும் அவரிடம் சொன்னேன். இனி நாற்காலியும் கிடையாது என்றேன்.

"கணக்கு சரிதாம்மா... ஆனா அத உக்காந்து போடச் சொல்லேன்."

"ஏங்க, நீங்க கடையில நாள் பூரா நின்னுக்கிட்டுதானே கணக்குப் போடுறீங்க? உங்கள யாராச்சும் ஹாஸ்டலுக்கு அனுப்புனாங்களா?"

"ஹலோ... ஹலோ... சரியாக் கேக்கலையே" என்றார். நெட்வொர்க் என்னவோ அன்று நன்றாகத்தான் இருந்தது!