ஜாமீனுக்கு நின்ற நிலம்

கோயில் கும்பாபிஷேகத்துக்கு என்று கேட்டால் நெல் மூட்டையே வந்து இறங்கும். ஜெயிலில் கிடப்பவர்களுக்கு என்று கேட்டால் நாயை அவிழ்த்துவிடாத குறைதான். எழுபதுகளில் சில வருஷங்கள் அப்படிக் கேட்டுக்கொண்டு கிழக்குப் பாலக்காட்டுத் தோட்டங்களில் அலைந்திருக்கிறேன்.

எங்கள் சங்கம் மிகச் சிறியது. பாலக்காட்டில் ஓர் உரக்கடை மாடியில் ஒற்றை அறை. கல்பாத்தியைச் சேர்ந்த ஒரு வக்கீலம்மா அதைத் தொடங்கியிருந்தார். வழக்கு முடியாமல் சப்-ஜெயிலில் கிடக்கும் ஏழைகளுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடுவார். அவர்கள் வீட்டுக்குத் தகவல் சொல்வதும், சோப்பும் துணியும் கொண்டுபோய்க் கொடுப்பதும், அதற்கு வேண்டியதைத் திரட்டுவதும் என் வேலை. காசாக யாரும் தரமாட்டார்கள். கடலை பிடுங்கும்போது போனால் ஒரு முறம் கடலை, வெல்லம் காய்ச்சும்போது போனால் நாலு அச்சு வெல்லம். அதைச் சந்தையில் விற்றுத்தான் சங்கம் நடந்தது.

என் கணவர் என்னைத் தடுத்ததில்லை. என்ன செய்கிறாய் என்று கேட்டதும் இல்லை. தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலுமாக இருந்த எங்கள் பூமியை விட்டால் அவருக்கு வேறு நினைப்புக் கிடையாது.

அந்தக் கோடையில், மலைமேல் சித்திரபுரத்துப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் சப்-ஜெயிலுக்கு வந்தாள். பாலக்காட்டில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள்; அவளிடம் ஒரு மூட்டை அரிசி இருந்தது. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப்போக அப்போது அனுமதிச் சீட்டு வேண்டும். அது அவளுக்குத் தெரியாது. வயிற்றில் பிள்ளை வேறு.

ஜாமீனில் விட கோர்ட்டுக்குத் தடையில்லை. ஆனால் நிலம் உள்ள ஒருவர் நிலவரி ரசீதோடு வந்து பொறுப்பேற்க வேண்டும். அவள் புருஷன் மலையிலிருந்து ஓடிவந்தான். இருக்கும் வீடு கம்பெனியின் லயத்து வீடு, தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிவிட்டதில் ஒன்று. அவன் பேரில் ஒரு சாண் மண் கிடையாது. கைகட்டி நின்றுவிட்டு, வேலை போய்விடுமே என்று திரும்பிப் போனான்.

"உங்க ஆத்துக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கோளேன்" என்றார் வக்கீலம்மா.

கேட்டேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார்.

"முன்னப்பின்ன தெரியாத புள்ள. மலையேறிப் போயி வராம இருந்துட்டா யாரு தேடிப் புடிக்கிறது? பூமி மேல கோர்ட்டு கை வெச்சுதுன்னா நாம எங்க போறது அம்மிணி?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்குதுங்க" என்றேன்.

அந்த வாரம் சங்கத்துக்குச் சேர்ந்த கடலை மூட்டையைச் சந்தையில் இறக்க அவர்தான் வண்டி ஓட்டி வந்தார். ஆஸ்பத்திரிச் சாலையில் திரும்பும்போது ஓரமாக அந்தப் பெண் நடந்து போய்க்கொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, தார் உருகாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் பெண் போலீஸ் பக்கத்தில் நடந்தாள்.

"அவதானுங்க" என்றேன்.

அவர் மாட்டை இழுத்து நிறுத்தினார். இறங்கிப்போய்ப் பெண் போலீஸிடம், "ஏனுங்க, வண்டியில ஏறிக்கலாங்களா? ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி உட்டுடறனுங்க" என்றார். அவளும் வெயிலில் வாடிப்போயிருந்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். மூட்டைமேல் சாய்ந்து அந்தப் பெண் கண்ணை மூடினாள். அவ்வளவு மெதுவாக அவர் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "அந்த வக்கீலம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டார். நிலவரி ரசீது பையில் இருந்தது.

ஜாமீனில் வெளியே வந்த அன்று அவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள். "கோர்ட்டுத் தேதிய மறந்துறாத தாயி" என்றார் இவர். "மறப்பேனாண்ணே? எப்படியும் வந்துருவேன்" என்றாள்.

வரவில்லை. தேதி வந்தபோது மலையில் பேய்மழை. கோர்ட்டு வாசலில் மாலை வரை நின்றோம். வக்கீலம்மா கெஞ்சி இன்னொரு தேதி வாங்கினார். அதற்குள் ஊரெல்லாம் பேச்சு. "பொண்டாட்டி பேச்சக் கேட்டுப் பூமியத் தொலச்சுப்போட்டான்" என்று மூத்த கொழுந்தனாரே சொன்னார். என் கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். என்னிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மழை விட்டதும், "கெளம்பு, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார். உடுமலைப்பேட்டை போய் மலை பஸ் பிடித்தோம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் தனியாகப் போன முதல் தூரப் பயணம் அது. குளிரில் என் சால்வையில் பாதியை அவரும் போர்த்திக்கொண்டார்.

லயத்து வீட்டில் கணப்புப் பக்கத்தில் அவள் படுத்திருந்தாள். அருகில் துணிச்சுருணைக்குள் ஒரு பெண் குழந்தை. எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து சேலையைச் சுற்றிச் செருக ஆரம்பித்தாள். "இந்தா, இப்பவே வாரேண்ணே. ரோடு உடைஞ்சு போச்சு, தந்திக் கம்பியும் அறுந்து போச்சு. அன்னைக்குன்னு பார்த்து வலி வந்துட்டு. உங்களுக்கு என்ன ஆச்சோன்னு நான் ஒறங்கவே இல்ல."

"உக்காரு தாயி. யாரு உன்னை இப்ப கூப்புட்டாங்க? உக்காரு" என்றார் அவர். அவள் குழந்தையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோர்ட்டில் காட்ட, எஸ்டேட் டாக்டரிடம் பிரசவத்துக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டோம். சேதி பரவி லயத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அதில் ஒருத்தி, "எங்களுக்கு ஒண்ணுன்னாலும் சாமீன் நிக்கக் கீழ ஆள் இருக்காகளா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்தார். சங்கம் என்ன செய்கிறது, வக்கீலம்மா யார், நான் எப்படித் தோட்டம் தோட்டமாகக் கடலை கேட்டு நடக்கிறேன் என்று திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னார். இவ்வளவும் இவருக்குத் தெரியுமா என்று நான் திகைத்து நின்றேன். கடைசியில் கூச்சத்தோடு, "உங்களால முடிஞ்சதக் குடுத்தா நல்லதுங்க" என்றார்.

"ரூவா இல்ல அண்ணாச்சி. கம்பெனி குடுக்குத எங்க பங்குத் தேயிலையில ஆளுக்கொரு பிடி போடுதோம்" என்றாள் அந்தப் பெண். இறங்கும்போது ஒரு பை தேயிலைத்தூள் எங்களோடு வந்தது. அதன்பின் மாதாமாதம் யாராவது இறங்கி வரும்போது கொடுத்தனுப்பினார்கள். கடலைக் காலம் முடிந்தால் சங்கமும் படுத்துவிடும் என்ற கவலை எங்களுக்கு மெல்லக் குறைந்தது.

அடுத்த தேதிக்கு அவள் கைக்குழந்தையோடு புருஷனுடன் வந்தாள். வீட்டுச் செலவுக்குக் கொண்டுபோன அரிசிதான் என்று வக்கீலம்மா எடுத்துச் சொன்னார். மாஜிஸ்திரேட் எச்சரித்து விட்டுவிட்டார். அவள் உள்ளே நின்ற நேரமெல்லாம் வராந்தாவில் என் கணவர்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அவர்கள் பஸ் ஏறிய பிறகு நான் சங்கத்து அறைக்குப் போகத் திரும்பினேன். அவரும் கூடவே நடந்தார்.

"தோப்புல தண்ணி பாய்ச்சோணும்னீங்களே?"

"அது கெடக்குது. சப்-ஜெயில்ல வேற யாராச்சும் இப்படி இருக்கறாங்களான்னு வக்கீலம்மாகிட்டக் கேக்கோணும்" என்றார்.