பாடி மேம்பாலத்தில் இருக்கிறேன்

கார் சொந்தமாக இருக்கும், ஓட்ட நேரமோ தைரியமோ இருக்காது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு அன்றன்றைக்குப் போய் ஓட்டிக் கொடுத்துவிட்டு, சாவியைத் திருப்பித் தந்து வருகிறவனை எங்கள் பக்கம் ஆக்டிங் டிரைவர் என்பார்கள். இந்த வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். லாரி கிளீனராக விஜயவாடா, பிறகு நாக்பூர், சூரத்தில் ஒரு சாயப்பட்டறை, புனேயில் ஒரு கேன்டீன் என்று சுற்றினேன். ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு வருடம் இருந்ததில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. அப்பா செத்த சேதி என்னிடம் வந்து சேர நாற்பது நாள் ஆனதும் அதனால்தான்.

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் நாலாவது மாடியில் கணவனும் மனைவியும். இரண்டு பேரும் தெற்குச் சீமைக்காரர்கள், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவர் ஆபீஸ் பஸ்ஸில் போய்விடுவார். அந்த அம்மாவுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. வியாழக்கிழமை மட்டும் அவருக்குச் சாயங்காலம்தான் வேலை ஆரம்பிக்கும் என்பதால் காலையில் என்னைக் கூப்பிடுவார். கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார், பூந்தமல்லி சாலையில் ஓட்டத்தான் பயம்.

கார் புதிது. உள்ளேயே ஒரு சிம் கார்டு இருக்கிறது என்றார் கணவர். முதல் நாள் என்னைக் கீழே நிறுத்திவிட்டு, மாடிப் படியில் இருந்தபடியே போனைத் தொட்டு ஏசியைப் போட்டுக் காட்டினார். டயரில் காற்று குறைந்தால் போனுக்குச் சேதி வரும், கதவைப் பூட்ட மறந்தால் சேதி வரும். பேசினாலும் கேட்கும், ஆனால் என் தமிழ் அதன் காதில் ஏறவில்லை. 'ஏசியைக் குறை' என்றால் யாருக்கோ போன் போடப் பார்க்கும்.

ஒரு தடவை பூந்தமல்லி மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு சாவியையும் டிக்கியில் வைத்து மூடிவிட்டேன். நாலு கதவும் பூட்டிக்கொண்டன. அந்த அம்மா என் போனிலிருந்து கணவரைக் கூப்பிட, அவர் எங்கோ பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்தபடி திறந்துவிட்டார். அன்றைக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தால் கூலி என் தலையில் விழுந்திருக்கும். மனதாரக் கும்பிட்டேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கிருந்தோ கதவைத் திறக்கிறவருக்கு அந்தக் கதவு எங்கே நிற்கிறது என்பதும் தெரியும்.

வியாழக்கிழமைப் பயணம் ஆவடிக்கு என்று அந்த அம்மா வீட்டில் சொல்லியிருந்தார். ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் கூடப் படித்தவள் இருக்கிறாளாம். உண்மையில் நாங்கள் போனது அம்பத்தூரைத் தாண்டிக் கள்ளிக்குப்பத்துக்கு. மூன்றாவது வாரம் அவரே சொன்னார். அங்கே இருப்பது அவர் தங்கை. சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு ஊரிலிருந்து ஓடி வந்தவள். பையன் பாடியில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆள். பெண்ணின் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் ஒன்றரை வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் மாநிலத்தில் அதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இது கணவருக்குத் தெரியாது. கெட்டவர் இல்லை, வாய் நிற்காது, மாமனார் மேல் மரியாதை அதிகம் என்றார்.

அந்த அம்மா கவனமானவர். வியாழக்கிழமை போனைச் சார்ஜில் போட்டு வீட்டிலேயே விட்டுவிடுவார். "போன் காட்டிக் குடுத்துரும்ணே" என்பார். என்னைப் பெரிய சாலையில் ஒரு டீக்கடைப் பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு நடப்பார். நான் இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிப்பேன். ஒரு மணி நேரத்தில் வெறும் பையோடு திரும்பி வருவார். இப்படியே இரண்டு மாதம் போனது. போனைப் பற்றி அவ்வளவு யோசித்தவருக்கு, கணவரின் போனில் இருந்த கார் ஆப் ஏசி போடவும் கதவு பூட்டவும்தான் என்ற நினைப்பு. எனக்கோ அந்த நினைப்பும் இல்லை.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை, இரும்பு ஸ்டாண்ட் வைத்த ஸ்ப்ரிங் தொட்டில் ஒன்று வாங்கி டிக்கியில் ஏற்றினோம். அதைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு நடக்க முடியாது. வாசலுக்கே ஓட்டினேன். கார் நுழைந்தால் சைக்கிளும் போக இடமில்லாத சந்து. வீட்டுக்காரம்மா, அறுபது வயது இருக்கும், கையில் துடைப்பத்தோடு வெளியே வந்தார்.

"இன்னா நைனா, கப்பலைக் கொண்டாந்து வாசல்லயே கட்டிட்ட? தண்ணி லாரி எப்டி வரும்?"

"வந்தா எடுத்துடறேன்கா. வண்டிலயேதான் கீறேன்."

"எடு, எடு. எடுக்கலன்னா கண்ணாடில மீனு கழுவின தண்ணியை ஊத்துவேன்."

அதனால் வண்டியை விட்டு நகர முடியவில்லை. மே மாதம், நிழல் என்று எதுவும் இல்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு சீட்டைச் சாய்த்தேன். காத்திருக்கும் டிரைவர் எவனும் செய்கிற காரியம்தான், முதலாளிகளுக்குப் பிடிக்காத காரியமும்தான். உள்ளே தொட்டிலைப் பூட்டும் சத்தமும் அக்கா தங்கையின் சிரிப்பும் கேட்டன. தூங்கிவிட்டேன்.

வியர்த்து எழுந்தேன். இன்ஜின் நின்றிருந்தது. பட்டனை அழுத்தினேன், ஓடியது. இரண்டு நிமிடத்தில் மறுபடி நின்றது. பேட்டரிதான் என்று நினைத்துக்கொண்டு பானெட்டைத் திறக்கலாமா என்று பார்க்கும்போது கணவரிடமிருந்து போன்.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"பாடி மேம்பாலத்துல கீறேன் சார். ஒரே டிராஃபிக்கு."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை இது. எங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் என் வாயில் தானாக வரும் இடம் பாடி மேம்பாலம். கொரட்டூரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தாலும் அதுதான். எல்லா டிரைவருக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. போரூர் ஆட்களுக்குப் போரூர் சிக்னல். கேட்கிறவர்களுக்கும் அது பொய் என்று தெரியும், பத்து நிமிடம் தாமதமாகும் என்று புரிந்துகொள்வார்கள்.

"பாடியா?" என்றார் அவர். பிறகு, "சரிண்ணா" என்று வைத்துவிட்டார்.

அந்த அம்மா வந்து ஏறியதும், சார் கேட்டார், இப்படிச் சொன்னேன் என்று சொன்னேன். காப்பாற்றிக் கொடுத்தேன் என்ற நினைப்பில்தான் சொன்னேன். கூடவே, இன்ஜின் தானாக இரண்டு தடவை நின்றதையும் சொல்லி, சர்வீஸில் காட்டச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். எத்தனை நேரம் ஏசி ஓடியது, நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் போன் வந்தது என்று கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது தானா நிக்காதுண்ணே."

நின்ற இடத்திலேயே இன்ஜின் ரொம்ப நேரம் ஓடினால் அந்த வண்டி சொந்தக்காரருக்குச் சேதி அனுப்பும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கணவர் ஆபீஸில் இருந்தபடி அணைத்திருக்கிறார். டிரைவர் பெட்ரோலை எரிக்கிறான் என்ற கோபம், அவ்வளவுதான். கடை வாசலில் நிற்கிறேன், அம்மா உள்ளே துணி எடுக்கிறார்கள் என்று நான் சொல்லியிருந்தால், 'இன்ஜினை ஆஃப் பண்ணுங்கண்ணா' என்று திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். கள்ளிக்குப்பத்தில் நிற்கும் காரைப் போன் மேப்பில் பார்த்துக்கொண்டே பாடி மேம்பாலம் என்று கேட்டவருக்குச் சந்தேகம் வந்தது. போனில் இன்னும் கொஞ்சம் தடவிப் பார்த்திருக்கிறார். மூன்று மாதத்து வியாழக்கிழமைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. கிளம்பிய நேரம், நின்ற இடம், எத்தனை நிமிடம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குத் தெரியாத ஒரு நம்பரிலிருந்து போன் வந்தது. அந்த அம்மாதான், காய்கறிக் கடைக்காரரின் போனிலிருந்து. குரல் நிதானமாக இருந்தது. நடந்ததை ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னார். கணவர் வியாழக்கிழமை ராத்திரியே மேப்பைக் காட்டிக் கேட்டிருக்கிறார். அவர் சந்தேகப்பட்டது வேறு விதமாக. அதற்குப் பதில் சொல்ல, தங்கை என்று உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை, நிம்மதிகூடப் பட்டார். இதை ஏன் என்னிடம் மறைத்தாய் என்று வருத்தப்பட்டார். மறுநாள் மாமனாரிடம் பேசும்போது சொல்லிவிட்டார். மாமனார் போனில் அழுதாராம். பேத்தியை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்றாராம். இவர் கார் நின்ற இடத்தை அப்படியே போனில் அனுப்பிவிட்டார்.

அழுதது நிஜமாக இருக்கலாமே என்று கேட்டேன். நாற்பது நாள் கழித்து வந்த அப்பாவின் சாவுச் சேதி நினைப்பில் கேட்டேன்.

"இருக்கலாம்ணே. ஆனா ரெண்டு சித்தப்பாவும் கூடக் கிளம்பிட்டாங்க. அது பேத்தியப் பாக்க இல்ல."

நாளைக் காலை வந்துவிடுவார்கள் என்றார். போலீஸில் சொல்லலாமே என்றேன். பையன் ஊரில் ஒரு தடவை அடைக்கலம் கேட்டுப் போய், ஸ்டேஷனில் இருந்தே இவர்கள் வீட்டுக்குத் தகவல் போன கதையைச் சொன்னார். அவர்களை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்ற ஒரு வண்டி பார்த்துக் கொடுங்கள் என்றார்.

வீடு மாற்றுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. இருட்டில் மாற்றினால் தெருவே பார்க்கும், பட்டப்பகலில் மாற்றினால் எவனும் கவனிக்க மாட்டான். சிநேகிதன் ஒருவனிடம் பழைய குட்டியானை ஒன்று இருந்தது. சாமான் ஏற்றும் அந்தச் சின்ன வண்டியில் ரேடியோகூட வேலை செய்யாது. என் போனை என் அறையிலேயே அணைத்து வைத்துவிட்டு மதியம் ஒரு மணிக்குக் கள்ளிக்குப்பம் போனேன்.

ஏற்றுவதற்கு அதிகம் இல்லை. ஒரு பீரோ, கேஸ் அடுப்பு, பாய், பாத்திரங்கள் கட்டிய புடவை மூட்டை. பூட்டி இரண்டு நாளான தொட்டிலைப் பையன் மறுபடி கழற்றினான். அப்போதுதான் அவனிடம் சொன்னேன், ஏசி போட்டுத் தூங்கினதும் நான்தான், பொய் சொன்னதும் நான்தான் என்று. அவன் கழற்றின போல்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டான். "வண்டிய எடுங்கண்ணா" என்றான். அவன் என்னை ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தங்கை குழந்தையோடு முன் சீட்டில் உட்கார்ந்தாள். அக்கா வந்து வழியனுப்பவில்லை. காலையில் போனை வைக்கும் முன் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"எங்க கொண்டுபோய் விட்டீங்கன்னு எனக்கும் சொல்லாதீங்கண்ணே. தெரிஞ்சா நான் போயிருவேன்."

நாங்கள் எந்தச் சாலையில் போனோம், எத்தனை மணி நேரம் ஆனது என்பதை இங்கே எழுதவில்லை. பத்திரமான இடம் என்று எனக்குத் தெரிந்த ஒரு கேன்டீன்காரர் வீட்டு மாடி. அது வடக்கா தெற்கா என்பதும் இதைப் படிப்பவர்களுக்கு வேண்டாம்.

மறுநாள் காலை ஒரு வேனில் ஐந்து பேர் சந்துக்கு வந்ததாக வீட்டுக்காரம்மா சொன்னார். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லையாம். மற்றவர்கள் போனைப் பார்த்து, கதவைப் பார்த்து, மறுபடி போனைப் பார்த்தார்களாம். அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் இவரிடம் வந்தார்கள்.

"இன்னா, ஊடு வாடகைக்குப் பாக்க வந்தீங்களா? காலியாதான் கீது, உள்ள போய்ப் பாருங்க நைனா" என்று சாவியை எடுத்து நீட்டியிருக்கிறார்.

பார்த்தார்களாம். மூலை முடுக்கெல்லாம்.

அந்தக் குடியிருப்புக்கு அதன் பிறகு நான் ஓட்டப் போகவில்லை. கணவர் கூப்பிடவில்லை. அவர் செய்ததற்கு அவர் வருந்தியிருப்பார் என்றே நினைக்கிறேன், என்னைப் போல. அந்த அம்மா மட்டும் வேறு வேறு நம்பர்களிலிருந்து மாதம் ஒரு தடவை கூப்பிடுகிறார். எங்கே என்று கேட்பதில்லை. போன மாதம் கூப்பிட்டபோது, குழந்தை குப்புற விழுந்துவிட்டது என்று சொன்னேன். எந்தப் பக்கமாகக் கவிழ்கிறாள், இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.