உப்புக்கு லீவு இல்லை

அன்று விடியவும், சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் பூட்டிய கமராவிலிருந்து கடலின் படம் என் கைபேசிக்கு வந்தது. பல வாரங்களாக வருவதைப் போலவே வெறும் வெள்ளையாக, ஒன்றும் தெரியாமல். தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிப்பதற்குள் சல்லியிலிருந்து வசந்தி அழைத்தார். "சேர், மச்சாள் போயிட்டா." சிவகலா ரீச்சரைத்தான் சொன்னார். எனக்கும் படம் அனுப்பும்படி அந்தக் கமராவை ஒழுங்கு செய்தவர் ஆஸ்பத்திரியில் கண்மூடிய பிறகும் அது தன் பாட்டுக்கு அனுப்பியிருக்கிறது. எனக்கு அதன்மேல் கோபம்தான் வந்தது.

சிவகலா ரீச்சரை உங்களில் பலர் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிந்திருப்பீர்கள். ஒரே அறையில் எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். சல்லியில் பிறந்தவர், லிங்கநகரில் தனியே வாழ்ந்தவர். ஒருநாள் சவர்க்காரக் கட்டி அளவான ஒரு கணினிப் பலகையையும், அதில் பொருத்தும் சின்னக் கமராவையும் மேசையில் பரப்பினார். லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கமரா. "சல்லியிலை தம்பி வீட்டு மேல்தட்டிலை பூட்டப்போறன், சேர். அவன்ரை படகு திரும்புறது தெரிஞ்சால் வசந்தி அந்த நேரம் பாத்து உலை வைக்கலாம்" என்று சிரித்தார். தம்பி ரமணன் கடற்தொழிலாளி. வசந்தி அவர் மனைவி.

லென்ஸ் இரண்டு இருந்தன. ஒன்று கரை முழுவதையும் காட்டும், ஆனால் படகு எறும்பளவாகத்தான் தெரியும். மற்றது தூரத்துப் படகைக் கிட்டக் கொண்டுவரும், ஆனால் கடலில் ஒரு கீற்றைத்தான் காட்டும். "தூரத்தைப் பாக்கோணுமெண்டா அகலத்தை விட்டுக்குடுக்கோணும்" என்பார். தூர லென்ஸுக்கு அடியில் மெல்லிய உலோக வளையம் ஒன்றைப் போட வேண்டும். அகல லென்ஸுக்கு அதைக் கழற்ற வேண்டும். மாறிவிட்டால் படம் புகைமூட்டமாகிவிடும்.

முத்துமாரியம்மன் கோவில் பொங்கலுக்கு, வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர்கள் கரையில் கூடும் சனத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று அகல லென்ஸைப் போட்டார். கழற்றிய வளையம் தொலையாமல் இருக்க, அர்ச்சனைத் திருநீற்றுப் பொட்டலத்துக்குள் வைத்துச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பொங்கல் முடிந்த மாலை, களைத்துப்போய், தூர லென்ஸைத் திரும்பப் பூட்டினார். வளையத்தை மறந்தார். மைமல் நேரம், படம் எப்படியும் இருட்டு. பிழை தெரியவில்லை.

மறுநாள் விடிய ரமணன் கடலுக்குப் போனார். திரும்பவில்லை.

தேடப் புறப்பட்டவர்கள் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பக்கம் போனவன் என்பதுதான். கமரா அன்று விடிய எடுத்த படத்தைப் பார்த்தார்கள். ரமணனின் நீலப் படகு வெறும் கறையாகச் சாம்பல் நிறத்துக்குள் கரைந்துகொண்டிருந்தது. வடக்கே நிலாவெளிப் பக்கமா, தெற்கே கொட்டியாரப் பக்கமா, யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் தேடினார்கள். ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

"வளையம் என்ரை பையிலை கிடந்தது, சேர். திருநீறோடை." பிறகு ஒருநாள் வகுப்புக்குப் போகும் வழியில் நின்று சொன்னார். படம் தெளிவாக இருந்திருந்தாலும் கடல் விட்டிருக்காது என்றேன். "அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமல் ஆக்கினது நான்." அதற்குமேல் அந்தக் கதையை அவர் எடுக்கவேயில்லை.

அதன்பின் சனிக்கிழமை தோறும் சல்லிக்குப் போய் லென்ஸில் படியும் உப்பைத் துடைத்தார். காய்ச்சலோடும் போனார். இந்தக் கிழமை விடுங்கோ என்று நான் மறித்தால், "உப்புக்கு லீவு இல்லை, சேர்" என்று பஸ் ஏறிவிடுவார். ரமணனின் உடல் கிடைக்காததால் வீட்டில் கிரியை எதுவும் நடக்கவில்லை. வசந்தி பொட்டும் தாலியுமாகவே இருந்தார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தபோது அவர் அழுதே கேட்டார்: "மச்சாள், அந்த மனிசனுக்கு ஒருக்கா எள்ளுந்தண்ணியும் இறைக்க விடுங்கோ. எனக்கு இப்பிடி இருக்க ஏலாது." ரீச்சர் ஏணியில் நின்றபடி, "இந்தக் கமரா பழுதாகட்டும், பிறகு பாப்பம்" என்றார். அதைப் பழுதாக அவர் எங்கே விட்டார்! கறள் பிடித்த ஒவ்வொரு துண்டையும் மாற்றிக்கொண்டே இருந்தார். அன்று அவர்மேல் எனக்கு ஆத்திரம். இப்போதும் அது முழுதாகப் போகவில்லை. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். அவரே இருந்தால் எழுதச் சொல்லியிருப்பார்.

ரீச்சரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு வசந்தி என்னை ஒருபக்கம் கூப்பிட்டார். "சேர், ஏறி அதை நிப்பாட்டிவிடுங்கோ. இவருக்கும் செய்ய வேண்டியதைச் செய்வம்." ரீச்சரின் துடைக்கும் துணியையும் தந்தார். ரீச்சர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களின் உப்புப் படிந்து, கண்ணாடி வெண்ணெய் பூசினது மாதிரிக் கிடந்தது. அழுக்கோடு நிறுத்த மனம் வரவில்லை. துடைத்தேன். கீழே வந்து, ஒருமுறை பாருங்கள் என்று கைபேசியை நீட்டினேன். வளையம் தன் இடத்தில் இருந்தது. படம் அவ்வளவு தெளிவு, அலையின் நுரை நுரையாகவே தெரிந்தது. படகு எதுவும் இல்லை. வசந்தி நெடுநேரம் பார்த்தார்.

"இண்டைக்கு விடுங்கோ, சேர். நாளைக்கு நிப்பாட்டுவம்."

அந்த நாளை இன்னும் வரவில்லை. ரமணன் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும், வசந்திக்கும் தெரியும், ரீச்சருக்கும் கட்டாயம் தெரிந்திருக்கும். ரீச்சருடையதென்று என்னிடம் இருப்பது அந்தத் துணி ஒன்றுதான். சனிக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.