தொப்பி இருந்தால்தான் புரியுமாம்

எங்கள் புதுமடம் கரைக்குச் சண்டைப்படம் எடுக்க வந்தார்கள். வில்லனின் ஆட்கள் துப்பாக்கி மூட்டைகளோடு கடல்வழியாக வந்து இறங்கும் காட்சி. ஒரு பைபர் படகும் அதை ஓட்ட ஓர் ஆளும் வேண்டும் என்றார்கள். படகு என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்கும் பயந்து நாலு தடவை யோசிக்கிறவன். அன்றைக்குப் பார்த்து யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

உதவி இயக்குநர் என் தலையில் வெள்ளைத் தொப்பியை வைத்தார்.

“தம்பி, தொழிலுக்குப் போறப்ப இத யாரும் போட மாட்டோம். காத்து தூக்கிட்டுப் போயிரும்.”

“தொப்பி இருந்தாத்தான் பாய் பார்க்கிறவனுக்குப் புரியும்.”

என்ன புரியும் என்று கேட்டிருக்க வேண்டும். தொப்பியை அழுத்திவிட்டுக்கொண்டு படகில் ஏறினேன்.

என்ஜின் கயிற்றை இழுக்கும்போது, அல்லாவின் பெயரால் என்று, பிஸ்மில்லா சொல்வது என் பழக்கம். சோற்றில் கை வைக்கும்போதும் அதே வார்த்தைதான். கேமரா ஓடும்போதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இயக்குநர் துள்ளிக் குதித்தார். “சூப்பர்! இதேதான். முறைச்சுக்கிட்டு இன்னொரு தடவ!” மூன்றாவது தடவை சொல்லப்போகையில்தான் காலடியில் கிடந்த மூட்டையைப் பார்த்தேன். உதட்டை மட்டும் அசைத்தேன்.

“அந்தத் துப்பாக்கி யாரச் சுடப்போகுதாம்?” வீட்டில் மனைவி கேட்டாள்.

“தெரியல.”

“தெரியாமலா பிஸ்மி சொன்னீங்க?”

மறுநாளே உதவி இயக்குநருக்குப் போன் போட்டேன். முகம் இருந்துவிட்டுப் போகட்டும், அந்த வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். “படம்தான பாய், ரொம்ப யோசிக்காதீங்க” என்பார். விடாமல் கூப்பிட்டேன். கடைசியில், அலைச் சத்தத்தில் என் குரல் சரியாக விழவில்லை, சென்னைக்கு டப்பிங் பேச வாருங்கள் என்றார். வரவே மாட்டேன் என்றேன். நான் போகாவிட்டால் அந்த வார்த்தை படத்தில் இருக்காது என்று நம்பினேன். மடையன்.

படம் வந்ததும் ஊரார் கண்ணில் படாமல் பரமக்குடிக்குப் போய்ப் பார்த்தேன். படகில் என்னோடு வரும் கூட்டாளியும் கூட வந்தான். அவன் முருகனுக்கு மாலை போடுகிறவன். ஆனாலும் பிஸ்மி சொல்லாமல் படகு கிளம்பினால் அவனுக்கே மனசு கேட்காது.

திரையில் என் தாடி, என் கை. என் வாய் அசைகிறது. எவனோ ஒருத்தன் அடித்தொண்டையில் அந்த வார்த்தையைக் கத்துகிறான், கொலைக்குக் கிளம்புகிறவன் மாதிரி. அத்தனை பெரிய படத்தில் எங்கள் ஆள் ஒருத்தன்கூட வலை இழுக்கவில்லை, மகளைக் காலேஜில் சேர்க்கவில்லை, சும்மா நின்று ஒரு டீ குடிக்கவில்லை. வெடித்துச் சாவதற்கென்றே எங்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள். நாயகன் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டான். என் படகு சிதறியது. தியேட்டரே விசிலடித்தது. பக்கத்துச் சீட்டிலும் விசில்.

திரும்பிப் பார்த்தேன். கூட்டாளி வாயிலிருந்து விரலை எடுத்தான்.

“ஹீரோவுக்கு அடிச்சேன் மாப்ள.”

“செத்தது யாருலே?”



அடுத்த நாள் விடிந்ததும் படகைத் தள்ளினோம். கரையில் வெளியூர்க்காரர்கள் செல்போனில் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்தேன். என் கடல், என் படகு. அப்படியிருந்தும் பிஸ்மியை உதட்டை அசைக்காமல் மனசுக்குள்ளேயே சொன்னேன்.

“ஏன் மாப்ள உம்முன்னு இருக்க? சத்தமாச் சொல்லிட்டு எடு” என்றான் கூட்டாளி.

“நீ விசிலடிச்சியே, அது போதாதா!” என்று கத்திவிட்டேன்.

வெளியூர்க்காரர்கள் செல்போனை என் பக்கம் திருப்பினார்கள்.