வேப்பமரத்தடியில் சிலிண்டர்

கேஸ் கசிந்தால் ஊரிலேயே முதலில் கண்டுபிடிப்பது என் மூக்குதான் என்று நம்பியிருந்தேன்.

வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போவதால், எங்கள் கார் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே தூங்கும். பேட்டரி அடிக்கடி இறங்கிவிடும். அன்று அதைக் கழற்றி, நண்பரின் பழைய சார்ஜரில் மாட்டி, ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். சமையலறை சிலிண்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினேன். "யாரும் கிட்ட வராதீங்க" என்று பிளாக் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"அப்ப நீங்க ஏன் சார் அதக் கட்டிப் புடிச்சிகினு நிக்கிறீங்க?" என்றார் எதிர்வீட்டு முருகேசன்.

கெமிஸ்ட்ரி டீச்சரான என் மனைவி அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்தாள். "ஏங்க, சிலிண்டர் வெளியில நிக்குது. நாத்தம் உள்ளேருந்துதான வருது?"

"ஐயோ, ஸ்டோர் ரூம்ல பேட்டரி சார்ஜ்ல இருக்கு" என்று சார்ஜர் கிளிப்பைப் பிடுங்க உள்ளே பாய்ந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சார்ஜ் ஏறுறப்போ அதுலயும் எரியிற வாயு வரும். ஒரு பொறி பறந்தா போதும். முதல்ல வாசல்ல மெயினை அணைங்க."

அணைத்தேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நாற்றம் அடங்கிய பிறகே கிளிப்பைக் கழற்றினேன்.

இப்போதெல்லாம் நான் வீட்டில் இருக்கும்போது, திறந்த வராந்தாவில்தான் சார்ஜ் போடுகிறேன். ஏறியதும் நிறுத்தி, சில மணி நேரம் ஆறவிட்டு, மீட்டரில், முழுசாக ஏறியதற்கு அடையாளமான 12.6 வோல்ட் காட்டுகிறதா என்று பார்க்கிறேன்.

சிலிண்டரில் கசிவே இல்லை. நாறியது, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி வெந்துபோன என் பேட்டரி.